'பாரியா': நம் பெயரை வசையாக்கிய உலகம்

கொல்லிமலையில் திருப்புலி நாடு, வளப்பூர் நாடு என்று நாடுநாடாக வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையில் வாழ்பவர் என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறொன்றும் இல்லை. பறையர் என்ற பெயரிலும் தொடக்கத்தில் இழிவு இல்லை. பறை இசைக்கருவி, பறைதல் என்றால் சொல்லுதல். மலையாள மொழியில் 'பறயுக' என்றால் இன்றும் பேசுவதுதான். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் எண்ணிச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் ஒன்று.

இந்தப் பெயரை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் எழுதி வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது. சாதி இந்துக்கள் அந்த மக்களை நடத்திய விதமே அங்கே சொல்லின் பொருளாகிவிட்டது: 'பாரியா' என்றால் ஒதுக்கப்பட்டவன். வெள்ளைக்காரர்கள் நம் தெருநாயை 'பாரியா டாக்' என்றார்கள், பருந்தை 'பாரியா கைட்' என்றார்கள்.

பிரான்சில் 1821இல் காசிமிர் தெலாவீன் 'பாரியா' என்று நாடகம் எழுதினார். ஜெர்மனியில் கதே 1824இல் அதே தலைப்பில் கவிதைகள் வெளியிட்டார். பெண்ணுரிமைப் போராளி ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன்னையே பாரியா என்று அழைத்துக்கொண்டார். யூதர்களின் நிலையைச் சொல்ல மாக்ஸ் வெபரும் ஹன்னா ஆரெண்டும் இதே சொல்லை எடுத்தார்கள். இவர்களில் பலரிடம் இரக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்குரிய மக்கள் சேரியிலேயே கிடந்தார்கள்.

இங்கே அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். வசையாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சிட்டு, தலைநிமிர்ந்து உரிமை கேட்டார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். அவர் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, 1922இல் அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' வந்தது.

ஐரோப்பாவை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. மலேசியாவில் பள்ளிப் பாடமாக இருந்த 'இன்டர்லோக்' நாவலில் இந்தச் சொல் வந்ததை எதிர்த்து 2011இல் தமிழர்கள் போராடினார்கள். ஆண்டு இறுதியில் நாவல் விலக்கப்பட்டது. எதிர்ப்பு நியாயம்தான். ஆனால் அதற்குள் 'எங்களை எப்படி அந்தச் சாதி என்று சொல்லலாம்' என்ற கோபமும் கலந்திருந்தது. அந்தக் கோபம் சாதியின் மீது வந்ததல்ல, சாதியிலிருந்தே வந்தது.

இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் உலகம் ஒதுக்கிய நாட்டை 'பாரியா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லை அச்சிடக் கூசும் அதே தாள்கள்தான் இவை. நம் தமிழ்நாட்டு ஆங்கில இதழாளர்களும் அந்தச் சொல்லைக் கூச்சமின்றி எழுதுகிறார்கள். அடுத்த முறை அதைப் பார்த்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம்: இது உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயர்.