எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு ஆங்கிலம்: எதிர்பார்ப்பும் இலக்கும்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு நடுநிலைக் கல்வியின் இறுதிப் படியாகும். கேரளத்தில் அதுவே உயர்நிலைப் பள்ளியின் முதற்படி. வாளையாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் ஒரே வயதுத் தமிழ் மாணவர் இருவருள் ஒருவர் ஒரு கட்டத்தை முடிக்கும்போது மற்றவர் ஒரு கட்டத்தைத் தொடங்குகின்றார். பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், முதலமடை முதலிய ஊர்களிலும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், பீருமேடு, வண்டிப்பெரியாறு முதலிய மலையூர்களிலும் தமிழ் மாணவர் இத்தொடக்கப் படியில் ஆங்கிலம் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

மூன்று ஆட்சிகள்

1956 நவம்பர் 1இல் கேரளம் உருவாகும் முன் இவ்வெல்லைப் பகுதிக்கு ஒரே கல்வி மரபு இருந்ததில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் அரசிலும் அடங்கியிருந்தன. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் ஆங்கிலப் பள்ளி தோன்றிற்று. பாலக்காட்டில் 1866இல் தொடங்கப்பெற்ற பள்ளியே பின்னர் விக்டோரியா கல்லூரியாக வளர்ந்தது. ஆட்சிகள் வேறாயினும் இலக்கு ஒன்றாகவே இருந்தது. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே அவ்விலக்கு.

அக்காலத்து உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான நான்காம் பாரத்தில் ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாக மட்டும் கருதப்படவில்லை. வரலாறும் நிலவியலும் கணக்கும் அம்மொழி வழியாகவே பயிலப்பட்டன. எனவே அவ்வகுப்பில் நுழையும் மாணவர் ஆங்கில நூலைத் தாமே படித்துப் பொருளுணர வல்லவராய் இருத்தல் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அது மிகவும் உயர்ந்தது. ஆனால் மிகச் சிலருக்கே உரியது. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை பெரும்பான்மை மக்களுக்குத் தாய்மொழிக் கல்வியையே பரிந்துரைத்திருந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

தேயிலை மலையின் கணக்கு

கண்ணன் தேவன் மலைப்பகுதியை 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக அழைத்து வரப்பெற்ற தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியமர்ந்தன. அவர்தம் குழந்தைகளின் கல்வி குறித்து 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பேசிற்று. 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருப்பின், தோட்ட உரிமையாளர் கல்வி வசதி செய்து தரவேண்டும் என விதிக்க மாநில அரசுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

இவ்வயது வரம்பு ஊன்றி நோக்கத்தக்கது. எட்டாம் வகுப்பில் சேரும் மாணவருக்குப் பொதுவாக 13 வயது. ஆகவே உயர்நிலைப் பள்ளி தொடங்கும் இடத்திலேயே தோட்டத்தின் சட்டக் கடமை முடிவுற்றது. எஸ்டேட் பள்ளியை விட்டு நகரத்துப் பள்ளிக்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய கட்டமும், பாடம் கடினமாகும் கட்டமும் ஒன்றாயின. பாலக்காட்டுச் சமவெளியில் இத்தொலைவுச் சிக்கல் இவ்வளவு கடுமையானதன்று. அங்குச் சிக்கல் வேறு.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலக் கல்வியாளரின் கருத்தொன்று பெரிதும் பொருந்துகின்றது. வங்காளத்தில் பணியாற்றிய அவர் 1926இல் வெளியிட்ட இருமொழியம் பற்றிய நூலில், இடையில் நின்றுவிடும் மாணவருக்குக் கல்வி எதைத் தருகின்றது என வினவினார். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் முடித்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் சரண்டர் மதிப்பை அதற்கு உவமையாக்கினார். பல்கலைக்கழகம் வரை செல்பவருக்கு மட்டுமே பயன்தரும் பாடத்திட்டம், இடையில் நிற்பவருக்கு ஏறத்தாழ ஒன்றும் தருவதில்லை. ஆகவே முதலில் படித்துப் பொருளுணரும் திறனை வளர்க்க வேண்டும் என்பது அவர் துணிபு. தோட்டப் பகுதிக் கல்வியை அளக்க இதனினும் நேரிய அளவுகோல் இல்லை எனலாம். ஆயினும் இவ்வினா பிற்காலத்துப் பாடத்திட்ட விவாதங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மாறிய முறைகள்

விடுதலைக்குப் பின் தாய்மொழி பயிற்றுமொழியாக வேரூன்றவே, ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாயிற்று. 1950களில் சென்னை மாநிலத்தில் பரவிய அமைப்பு முறை, வரையறுத்த சொற்களையும் தொடரமைப்புகளையும் படிநிலையாகப் பழக்குவதை இலக்காகக் கொண்டது. 1958இல் ஐதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனம் தோன்றியது. தொடர்ப் பயிற்சியால் மட்டும் மொழி அமையாது எனக் கண்ட என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூருவிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் செயல்வழிக் கற்பித்தலைச் சோதித்தார். கேரளத்தில் 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் கற்பித்தல் முறையை மாற்றியது. அதன் இரண்டாம் கட்டத்தில் பாலக்காடும் இடுக்கியும் இடம்பெற்றன. 2007ஆம் ஆண்டின் கேரளக் கலைத்திட்ட வடிவமைப்பிற்குப் பின் நாட்குறிப்பு, கடிதம், உரையாடல், அறிவிப்பு ஆகியவற்றை மாணவர் தாமே எழுதுதல் உயர்நிலை வகுப்பின் இலக்காயிற்று.

இலக்கு விரிவடைந்தது, தொடக்கநிலை மாறவில்லை. பிற பாடங்களுக்குத் தமிழில் நூல்கள் உண்டு. ஆங்கில நூலோ எல்லாப் பயிற்றுமொழியினர்க்கும் பொதுவானது. அதனை விளக்க ஆசிரியர் மலையாளத்தை நாடின், தமிழ் மாணவர் ஒரு மொழியை அறிய மற்றொரு மொழியைக் கடக்க வேண்டியவராகின்றார். தமிழ், மலையாளம், ரோமன், தேவநாகரி என நான்கு எழுத்து முறைகள் அவர் முன் நிற்கின்றன. மூட்டை கட்டுதலைக் குறிக்கும் 'பேக்' என்னும் சொல்லும் பையைக் குறிக்கும் 'பேக்' என்னும் சொல்லும் தமிழ் எழுத்தில் வேறுபடுவதில்லை. மலையாள எழுத்தில் வேறுபடும். மலையாளம் எழுதப் பழகிய எல்லையோர மாணவருக்கு இது சுமையாகவன்றித் துணையாகவும் அமையக்கூடும். இதனைப் பயன்கொள்ளும் பயிற்சிநூல் ஒன்று வேண்டப்படுகின்றது. மஸ்டர், ரைட்டர், டிவிஷன், ஃபேக்டரி எனத் தோட்ட வாழ்வில் நாளும் வழங்கும் ஆங்கிலச் சொற்களும் எட்டாம் வகுப்புக்கு வருமுன்னரே மாணவர் செவியில் பதிந்தவை. அவை பாடநூலின் சொற்பட்டியலுக்குள் வரத் தகுந்தவையே.

அண்மையில் இவ்வகுப்பின் நிலை மீண்டும் மாறியுள்ளது. 2024–25ஆம் கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும் எனக் கேரள அரசு முடிவு செய்தது. எட்டாதோருக்குக் கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பும் மறுதேர்வும் நடத்தப்பெற்றன. 2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தரநிலை முறை வந்தபின் தளர்ந்திருந்த வரம்பு, இவ்வாறு உயர்நிலைப் பள்ளியின் வாயிலிலேயே மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளது. அச்சிறப்பு வகுப்பில் தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் எம்மொழியில் விளக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அவ்வரம்பு அவருக்குப் படியாவதும் தடையாவதும் அமையும்.