ஜன்னல் ரப்பர் சொன்ன சாட்சி

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்கள் சில இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்றைக் கண்டால், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை உற்றுப் பாருங்கள். வளைந்து இழுபட்டிருக்கும் மூலைகளில் வரிவரியாக வெடிப்புகள் தெரியும். அவற்றின் வழியே மழைநீர் இறங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். "வயதாகிவிட்டது" என்று மெக்கானிக் புது ரப்பர் மாட்டுவார். வயது மட்டும்தானா காரணம்?

மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே பாலம் அமைக்கின்றன. ஆயினும், சங்கிலியிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலானவை அப்படியே எஞ்சுகின்றன. ஓசோன் வாயு தாக்குவது அங்கேதான். தளர்ந்த ரப்பரில் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்ட ரப்பரிலோ அறுந்த இடம் விரிந்து, வெடிப்பு உள்ளே இறங்கும்.

இந்த ஓசோன் எங்கிருந்து வருகிறது? 1940-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. அங்கே வண்டிகளின் ரப்பரும் விரைவில் வெடித்தது. கால்டெக் நிறுவனத்தின் வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட் இதைத் துப்பாகக் கொண்டார். வளைத்து வைத்த ரப்பர் துண்டு வெடிக்கும் வேகத்தைக் கொண்டே காற்றிலுள்ள ஓசோனை அளந்தார்கள்! வண்டிப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். வண்டி விட்ட புகை வண்டியின் ரப்பரையே அரித்தது!

1960-களில் இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது. இதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. கந்தகம் பற்றுவதற்கானவை கிளைகளில் மட்டுமே உள்ளன. ஓசோன் கிளையைத் தாக்கினாலும் சங்கிலி அறுவதில்லை. பழைய காருக்கு ரப்பர் மாற்றும்போது இவ்வகையைக் கேட்டு வாங்குங்கள். பொருத்துகையில் வழுக்குவதற்குச் சோப்புநீர் போதும். கிரீஸ் தடவினால் இந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

மாணவர்களே, நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ரப்பர் வளையங்களை எடுங்கள். ஒன்றை இழுத்து ஒரு பலகையில் மாட்டுங்கள்; மற்றதைத் தளர்வாக விடுங்கள். இரண்டையும் வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துச் சில வாரங்கள் கவனியுங்கள். எது முதலில் வெடிக்கிறது? அந்த ரப்பரைத் தொடும் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம்.