விடுதலைக்கு மறுநாள்: காலாப்பட்டுச் சிறையும் கிராமப்புறப் புதுச்சேரியின் மருத்துவத் தொடர்ச்சியும்

சிறையிலிருந்து வெளிவரும் ஏழைக்குக் காப்பீட்டு அட்டை உண்டா என்பதுதான் நலத்திட்டம் பேசுவோர் முதலில் கேட்பது. மறுநாள் காலை அவர் கையில் மாத்திரை இருக்குமா என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது படுக்கைக்கான காப்பீடு. உள்நோயாளியாகச் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் என்பதற்கு அப்பால் வெளிநோயாளிச் செலவு அதில் வராது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து, வலிப்பு மாத்திரை, இன்சுலின், மனநோய்க்கான தொடர் சிகிச்சை: சிறையில் தொடங்கி வெளியிலும் தொடர வேண்டியவை எல்லாம் வெளிநோயாளிப் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றை ஆரம்ப சுகாதார நிலையமே இலவசமாகத் தரலாம். அங்கே குறைவது பணமன்று. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் முடிந்தது என்று சொல்லும் தாள்.

உண்மையாகவே காப்பீட்டை இழப்பவர் வேறொருவர். புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ள தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை. கோடையில் ரிமாண்டுக்குப் போய் அந்த நாட்கள் குறைந்தவர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலேயே அதை இழக்கிறார். வேலையும் போனால் மருத்துவ உரிமையும் நெடுநாள் நிற்காது. தண்டனைச் சட்டம் விதிக்காத தண்டனை இது. அவர் மனைவி மக்களுக்கும் சேர்த்து.

இன்னொரு சிக்கல், விடுதலையின் தேதியே முன்கூட்டித் தெரியாதது. 2022ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைவாசிகளில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்த மாலையே கிளம்பிவிடுபவருக்காக மருத்துவர் எப்போது உட்கார்ந்து அந்த மருத்துவக் குறிப்பை எழுதுவது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, முதல் இரு வாரங்களில் அவர்களது மரண வாய்ப்பு மற்றவர்களைப் போல 12.7 மடங்கு என்று கண்டது. அங்கே போதைமருந்து பெருங்காரணம். அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் ஆபத்து முதல் நாட்களில்தான் குவிகிறது என்பதை ஏற்பதற்கு நமக்குத் தடையில்லை.

பாகூரின் நிலை இன்னும் சிக்கலானது. புதுச்சேரியின் மத்திய சிறை இருக்கும் காலாப்பட்டு வடகோடி, பாகூர் தென்கோடி. பாகூர்க்காரருக்குத் தமிழ்நாட்டின் கடலூர்தான் பக்கம். அங்கே வழக்கில் சிக்கினால் அடைபடுவதும் கேப்பர் மலை கடலூர் மத்திய சிறையில். அவரது மருத்துவக் கோப்பு தமிழ்நாட்டு நிர்வாகத்திடம், அவர் திரும்புவதோ புதுச்சேரி சுகாதாரத் துறையின் எல்லைக்குள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அவருக்கு இல்லை. ஆயுஷ்மான் அட்டை எல்லை தாண்டிச் செல்லும், கோப்பு செல்வதில்லை.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமென்று நான் கருதவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றியப் பகுதியிலும் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைக்கச் சொல்கிறது. 98ஆம் பிரிவு, மனநல நிலையத்திலிருந்து சமூகத்துக்குத் திரும்பும் எவருக்கும் அடுத்து சிகிச்சை தரப்போகிறவரைக் கலந்து திட்டம் வகுக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சிறை நிலையத்தில் சிகிச்சை பெற்றவரைத் திட்டமின்றி வாசலில் விடுவது சட்டமீறலே. காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் இதே தொடர்ச்சியை ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதி கேட்கிறது. எனவே குறிப்பை விடுதலை நாளில் எழுதக் கூடாது. உள்ளே வந்த நாளிலேயே தொடங்கி, ஒவ்வொரு பரிசோதனையிலும் புதுப்பித்து, இரு வார மருந்தோடு எந்நேரமும் கொடுக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இதற்கு வரும் மறுப்பு ஒன்று வலுவானது. வில்லியனூரிலோ பாகூரிலோ சுகாதார நிலைய வரிசையில் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள், மருந்து கொடுப்பவர் ஒருவேளை உறவினர். சிறை முத்திரையிட்ட தாளை அங்கே நீட்டுவதைவிட மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றுதான் பலர் நினைப்பார்கள். இதற்கும் வழி உண்டு: சிறையின் பெயரில்லாமல், சிறை மருத்துவரின் பரிந்துரையை அரசுப் பொது மருத்துவமனையின் சாதாரண ஓ.பி. சீட்டில் எழுதித் தருவதற்குச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.