சூடோஎபிட்ரின் சில்லறை விற்பனைக் கட்டுப்பாடு

மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎபிட்ரின் என்ற மருந்து, ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளின் மூலப்பொருளுமாகும். ஆகவே 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இதை முதல் அட்டவணையில் சேர்த்தது. இலங்கை 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த உடன்படிக்கைக்கு உள்நாட்டில் சட்டவலு அளித்தது. மருந்துகளின் பதிவும் விற்பனையும் 2015 முதல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பு.

கடை மட்டக் கட்டுப்பாட்டுக்கு முன்மாதிரி அமெரிக்கா. 2006 முதல் அங்கு இம்மாத்திரைகள் விற்பனைமேசைக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன; வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பமிட வேண்டும்; ஒருவருக்கு ஒரு நாளில் 3.6 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இதனால் ஐஸ் தயாரித்த சிறு வீட்டு ஆய்வுகூடங்கள் குறைந்தன. ஆனால் உற்பத்தி மெக்சிகோவுக்கு நகர்ந்து, வேறு இரசாயனங்களுக்கு மாறியது. பல மாத்திரைகளில் பதிலீடாக வந்த பினைலெப்ரின், வாய்வழி உட்கொண்டால் பயனற்றது என 2023இல் அமெரிக்க நிபுணர் குழு ஒருமனதாகக் கூறியது. இழப்பு நோயாளிக்கே.

இலங்கையில் ஐஸ் பெரும்பாலும் கடல்வழியே வருகிறது. எனவே கிழக்குக் கடற்படைத் தலைமையகம் அமைந்த திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்தில், மருந்துக் கடையைவிடக் கடற்கண்காணிப்பே முதன்மையானது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருப்போருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க இடமளிக்கிறது.