தலைக்கு மேலே போன கம்பி

கிணற்று மோட்டாரைப் போடுகிறோம், தண்ணீர் கொட்டுகிறது. இந்தக் கரண்ட் நம் வயலுக்கு வந்த கதையை யாரும் யோசிப்பதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கதையில் தனிச் சங்கதி ஒன்று இருக்கிறது.

பிள்ளைகளின் நிலப்படப் புத்தகத்தை எடுத்து, காவிரியின் சிவசமுத்திரம் அருவிக்கும் கோலார் தங்கவயலுக்கும் ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு ஓசூருக்குச் சில மைல் தள்ளித்தான் போகும். 1902 ஜூனில் மைசூர் சமஸ்தானம் அந்த அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய வேலை. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. 1905ல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ வஞ்சகம் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி. புனல் மின்சாரத்தில் செலவெல்லாம் முதலிலேயே போட்டாக வேண்டும். அருவித் தண்ணீரோ காத்திருக்காது. வாங்க ஆளில்லாத நேரத்தில் ஓடிய தண்ணீர் போனதுதான். சுரங்கம் இரவும் பகலும் ஓடும், பணம் தவறாமல் வரும். கிராமத்துக்கு இழுத்தால் சாயங்காலம் நாலு விளக்கு எரியும், மற்ற நேரம் கம்பி சும்மா கிடக்கும்.

இந்தக் கணக்கை மாற்றியது விளக்கு அல்ல, மோட்டார்தான். ஓசூர் அப்போது சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவில் இருந்தது. மாகாணத்தில் 1932ல் பைக்காரா மின்நிலையம் வந்தது. மேட்டூர் அணை 1934ல் முடிந்து, மின்நிலையம் 1937ல் ஓடத் தொடங்கியது. பைக்காரா கரண்ட் கோயமுத்தூர் மில்களுக்குப் போன வழியில் கிணறுகளுக்கும் போனது. விளக்கு எரியாத பகல் நேரத்தில் கிணற்று மோட்டார் ஓடும். அதனால் விவசாயியும் நல்ல வாடிக்கைக்காரர் ஆனார். 1957ல் மின்வாரியம் அமைந்தது. 1969ல் மத்திய அரசு ஊரக மின்மயக் கழகத்தைத் தொடங்கியபின், கம்பி இழுக்கக் கடனும் கிடைத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. 1997 வரைக்கும், ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம்! ஊருக்கு வெளியே ஒரே ஒரு மோட்டார் ஓடினாலும் கணக்கில் சேர்ந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கெணத்துக்குக் கரண்ட் வந்து பல வருஷம் சார், வீட்ல சீமெண்ணெய் விளக்குதான்." நூற்றுக்குப் பத்து வீட்டிலாவது மின்சாரம் இருக்க வேண்டும் என்ற விதி 2004ல்தான் வந்தது. அந்தப் பத்துகூட எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. சுரங்கத்துக்குப் போன மாதிரியே ஆலைக்கும் கம்பி முந்திக்கொண்டு போனது. சுரங்கம் 2001ல் மூடப்பட்டுவிட்டது, ஆலைகள் பெருகிவிட்டன. நமக்கு 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆழ்துளைக் கிணறுகளும் கூடவே கீழே இறங்கின. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

"நம்ம ஆத்திலேயே சின்னதா மின்சாரம் எடுக்கக் கூடாதா?" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். 25 மெகாவாட் வரை சிறு புனல் மின்நிலையம் என்பது இன்றைய அரசு வகைப்பாடு. உலகமே பார்த்த சிவசமுத்திரம் முதலில் 5 மெகாவாட்கூட இல்லை! அஞ்செட்டிப் பக்கம் ராசிமணலில் காவிரி மின்திட்டம் என்று வெகுகாலமாகப் பேச்சு, அணை எழவில்லை. நம் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைத் தாண்டிப் போய்ச் சேரும் சாத்தனூரில் 7.5 மெகாவாட் நிலையம் இருக்கிறது. பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர் போகிற வழியில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். மதகை மூடினால் சக்கரமும் நின்றுவிடும். அணை வற்றிக் கிடக்கும் கோடை மாதங்களில்தான் நம் கிணற்று மோட்டாருக்கு வேலை அதிகம்.