அலுவலகத்தின் இடமும் ஒரு நாள் கூலியும்: ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் நிர்வாகத் தலைமையிடங்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

2019ஆம் ஆண்டு விடுதலை நாள் உரையில், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய புதிய மாவட்டங்கள் தொடங்கிவைக்கப்பட்டன. இடைப்பட்ட மூன்றரை மாதமும் பாலாற்றங்கரை ஊர்களில் ஒரே பேச்சுதான்: கலெக்டர் ஆபீஸ் எந்த ஊருக்கு? குடியாத்தம் தனி மாவட்டம் கேட்டது. அரக்கோணமும் கேட்டது. ஆம்பூருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் இருப்பது வாணியம்பாடி, எனவே அதுவே தலைமையிடமாக வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

மாவட்டம் பிரிந்தது சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. மக்கள் அன்றாடம் படியேறும் அலுவலகங்கள் எங்கே இருக்க வேண்டும், அதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்பதே கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் ஊர்களை முன்வைத்து இதை ஆராய்கிறேன். நாள் கணக்கில் கூலி வாங்குவோர் நிறைந்த பகுதியில் அலுவலகத்தின் இருப்பிடம் முதலில் கூலியைப் பற்றிய கேள்வி. ஊர்ப் பெருமை அதற்குப் பிறகுதான் வர வேண்டும். 2019இல் நடந்த விவாதத்தில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது என்பது என் கருத்து.

2. தலைமையிடங்கள் நகர்ந்த வரலாறு

இந்தப் பகுதிக்குத் தலைமையிடம் மாறுவது புதிதல்ல. வடஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் 1911 வரை சித்தூரில் இருந்தது. அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் வேலூர் அந்த இடத்துக்கு வந்தது. அதுவரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் வட்டமும் அதே ஆண்டில் வடஆற்காட்டோடு சேர்ந்தது. அதாவது திருப்பத்தூர்க்காரர் வேலூருக்குப் பயணப்பட வேண்டி வந்ததே 1911க்குப் பிறகுதான்.

திருப்பத்தூர் தலைமையிடமாவதும் முதல் முறை அல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தபோது, அதன் நிர்வாகத்துக்கு அமர்த்தப்பட்ட அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில்தான் இருந்தார். அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி நிலவரி முறையின் முதல் சோதனைகள் நடந்தது இந்த மண்ணில்தான்.

1989இல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போன பிறகும் வேலூர் மாவட்டம் அளவுக்கு மீறியதாகவே இருந்தது. ஒரு முனையில் அரக்கோணம், மறுமுனையில் ஏலகிரி மலையடிவாரம். அரக்கோணத்திலிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். திருப்பத்தூரிலிருந்து அதற்கும் கூடுதல். ஆக, பிரிவினைக்குக் காரணம் இருந்தது. இந்த இரு முனைகளிலும் இருந்தவர்களுக்கு 2019 உண்மையான நன்மை செய்தது.

நடுவில் இருந்த ஆம்பூருக்கு அது என்ன செய்தது என்பதுதான் சிக்கலானது.

3. 2019இன் பங்கீடு

தலைமையிடம் கிடைக்காத பெரிய ஊர்களுக்கு அரசு ஓர் ஈடு கொடுத்தது. திருப்பத்தூர் மாவட்டத்தில் வாணியம்பாடியும், ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணமும் வருவாய்க் கோட்டத் தலைமையிடங்கள் ஆயின. வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் அந்தத் தகுதியோடு இருக்கிறது. கே.வி.குப்பம் புதிய வட்டமானது. முன்பு வாணியம்பாடி வட்டத்துக்குள் அடங்கி, பின்னர் தனி வட்டமான ஆம்பூர், வட்டமாகவே நின்றது.

இந்தப் பங்கீட்டில் ஒரு பெரிய பிழை உண்டு. எல்லைக்கோடு தொழிலைப் பார்க்காமல் போடப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில். பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தில், குடியாத்தம் கோட்டத்தில். மேல்விஷாரமும் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையும் மூன்றாவது மாவட்டத்தில். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டுமனைப் பட்டா, முதியோர் ஓய்வூதியம், ரேஷன் கார்டு ஆகியவற்றுக்கு அவர் போய் நிற்க வேண்டியது பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வேலூரிலும். வேலை செய்யும் இடத்தில் ஒரு குறை என்றால் மாவட்ட நிர்வாகம் திருப்பத்தூரில். வருங்கால வைப்பு நிதிக்கு மறுபடியும் வேலூர்.

சுற்றுச்சூழல் வழக்குகளிலும் இதே பிளவு தெரிகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், தோல் தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்டவர்களாக 29,193 பேரைக் கண்டறிந்து 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அந்தக் கணக்கு ஒரே மாவட்டமாக இருந்த காலத்துக் கணக்கு. இன்று அதே பாலாற்றுப் படுகைக்கு மூன்று ஆட்சியர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்த மாசுபாட்டைக் கையிலெடுத்துக் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. ஆற்று நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது; கோப்புக்குத் தெரியும்.

4. பிரிவினையின் மறைமுக விலை

தலைமையிட விவாதத்தில் யாரும் பேசாத ஒரு செலவு இது. ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவால் விலக்கி வைக்கப்பட்டன. முதலில் வார்டு மறுவரையறை முடிய வேண்டும் என்பது காரணம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அந்த ஒன்பதில் அடக்கம். இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்.

ஐந்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவர் இல்லை, ஒன்றியக் கவுன்சிலர் இல்லை, மாவட்ட ஊராட்சி இல்லை. எல்லாம் தனி அலுவலர்கள் கையில். கொரோனா முடக்கக் காலம் முழுவதும் இதற்குள் வந்துபோனது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்த அதே காலத்தில், பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்க வேண்டிய வார்டு உறுப்பினர் இல்லாமல் போனார். நிர்வாகத்தை மக்களுக்கு அருகில் கொண்டுவருவது என்றால் எது அருகில் என்று கேட்க வேண்டிய இடம் இது.

5. தூரத்தை எதனால் அளப்பது?

ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். திருப்பத்தூர் சுமார் 40. வரைபடத்தில் பார்த்தால் பத்து கிலோமீட்டர் லாபம். பயணத்தில் பார்த்தால் அப்படி இல்லை. வேலூருக்குத் தேசிய நெடுஞ்சாலை நேராகப் போகிறது. பெங்களூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் எல்லாம் அந்த வழியில்தான் ஓடுகின்றன. திருப்பத்தூருக்கு வாணியம்பாடி போய் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டும். நேர்ப் பேருந்து கிடைக்காவிட்டால் அங்கே இறங்கி மாறியாக வேண்டும். ரயிலில் போனால் பெரும்பாலும் ஜோலார்பேட்டையில் இறங்கி மறுபடி பஸ். ஏலகிரி எக்ஸ்பிரஸோ காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போகிறது, மாலையில் திரும்புகிறது. அதன் நேரம் சென்னைக்குப் போகிறவர்களுக்காக அமைந்தது. பழைய ஏற்பாட்டையும் நான் புகழவில்லை. வேலூருக்கு ரயிலில் போனால் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்வு நாள் அன்றுதான். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண் அன்று லீவு போடுகிறார். காலையில் சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு வருகிறார். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் உட்கார்ந்து விவரம் சொல்கிறார். ஆதார் நகல் எடுக்க மறந்திருந்தால் ஜெராக்ஸ் கடைக்கு ஓட்டம். நுழைவாயிலில் போலீசார் பையைத் திறந்து மண்ணெண்ணெய்ப் பாட்டில் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஆற்றாமையில் சிலர் தீக்குளித்ததும் தீக்குளிக்க முயன்றதும் அந்தச் சோதனையைக் கொண்டுவந்தன. பிறகு வரிசை, கணினியில் பதிவு, கையில் ஓர் ஒப்புகைச் சீட்டு. மனு எங்கே போகிறது? பெரும்பாலும் அவர் காலையில் புறப்பட்ட அதே ஆம்பூரின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, "உரிய நடவடிக்கைக்காக".

அன்றைய கூலி போயிற்று. மாதம் முழுவதும் லீவு போடாதவருக்குக் கிடைக்கும் வருகைப் படி ஏதாவது இருந்தால் அதுவும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு; அலுவலகத்துக்கும் அன்றுதான் ஓய்வு. ஆகவே கிலோமீட்டரைக் குறைப்பது மட்டும் அவருக்குப் பயன் தராது. அரை நாளில் முடியுமா, மறுபடி வர வேண்டுமா, வேலை நேரத்துக்கு வெளியே கதவு திறந்திருக்குமா என்பவைதான் அவருடைய கணக்கு. தொழிலாளர்களில் பெண்கள் மிகுந்த ஊரில் இந்தக் கணக்கை நிர்வாகம் தவறவிட்டால், விடுபடுவது பாதி ஊர்.

6. நகர மையத்துக்கு எதிரான வாதங்கள்

ஊர் நடுவில் இடமில்லை, நெரிசல் கூடும், வண்டி நிறுத்த வசதி இல்லை என்பன வழக்கமான மறுப்புகள். இவற்றில் உண்மை உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் நெடுங்காலம் அரசு அலுவலகங்கள் இயங்கியது பழஞ்சின்னத்துக்கும் நல்லதல்ல, அலுவலகத்துக்கும் நல்லதல்ல. ஆட்சியர் அலுவலகம் நெடுஞ்சாலையோரம் சத்துவாச்சாரியில் இருப்பதில் கார் வைத்திருப்பவருக்குக் குறையில்லை.

ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தை வைத்து வாதிடுபவர் யார் என்று கவனியுங்கள். மனுவோடு வருகிறவர் பேருந்தில் வருகிறார். ஆம்பூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் ஓர் அலுவலகம் அமைந்தால் ஆட்டோ கூலி மிச்சம், நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆபத்தும் இல்லை. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று புறவழிக்குக் கொண்டுபோனால், அரசு மிச்சப்படுத்திய பணத்தைப் பொதுமக்கள் வருடக்கணக்கில் ஆட்டோவுக்குக் கொடுத்துத் தீர்ப்பார்கள்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் விண்ணப்பம் ஆகியவை இ-சேவை மையத்திலேயே முடிகின்றன என்பது மெய்தான். நில அளவை, விசாரணை, கைரேகைப் பதிவு, ஜமாபந்தி, இழுபறியில் கிடக்கும் ஓய்வூதியம் போன்றவற்றுக்கு இன்னும் ஆள் நேரில் வர வேண்டும். இணையம் எளிய வேலைகளைக் குறைத்திருக்கிறது. நேரில் வருகிறவர்களில் சிக்கல் மிகுந்தவர்களே மிச்சம். அவர்களைத்தான் தொலைவில் நிறுத்துகிறோம்.

7. தலைமையிடமும் பணியும் ஒன்றல்ல

ஒரு மாவட்டத்தின் எல்லாப் பணிகளும் ஒரே ஊரில் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை இந்த வட்டாரமே பொய்யாக்கியிருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை இருப்பது வாலாஜாவில். வேலூர் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு குடியாத்தத்துக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தை வாணியம்பாடியில் வைத்திருக்கிறது. அது மாவட்டத் தலைமையிடத்தைத் தேடிப் போகவில்லை, தோல் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தைத் தேடி வந்தது. வேலூர் மாநகராட்சியும் தன் 60 வார்டுகளை நான்கு மண்டலங்களாக்கி, மண்டலந்தோறும் அலுவலகம் வைத்துத்தான் நடக்கிறது.

அரசும் இதை ஒப்புக்கொண்டதாகவே நான் கொள்கிறேன். 2024 ஜனவரியில் தொடங்கிய "உங்களைத் தேடி, உங்கள் ஊரில்" திட்டத்தில் ஆட்சியர் மாதம் ஒரு நாள் ஏதேனும் ஒரு வட்டத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும். 2022 ஜூனில் திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் திறக்கப்பட்ட புதிய ஆட்சியர் அலுவலகக் கட்டடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அவற்றைக் கட்டியது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடம் திறந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் அதிகாரிகளை வெளியே அனுப்ப ஒரு திட்டம் தேவைப்பட்டது.

8. முடிபு

திருப்பத்தூரிலிருந்து ஆட்சியர் அலுவலகத்தைப் பெயர்த்து வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை இனி எழத் தேவையில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்து நாட்றம்பள்ளிக்கும் ஏலகிரி மலையடிவாரத்துக்கும் நியாயமாகக் கிடைத்ததைப் பறிப்பதாகவே அது முடியும். ஆம்பூர் கேட்க வேண்டியது வேறு. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் வட்டாட்சியர், தொழிலாளர் துறை, வைப்பு நிதி, சமூக நலம், நில அளவை ஆகியவற்றின் பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு குறைதீர்வுக் கூட்டமாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து வேலைக்கு வருபவரின் மனுவையும், மாவட்டம் வேறு என்று திருப்பி அனுப்பாமல், அங்கேயே வாங்கி உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆம்பூர் நகராட்சியும் இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசினாலே இதில் பாதி நடக்கும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைச் சேர்ந்தே ஆட்சியரிடம் வைக்க வேண்டும். அந்த மனுவைக் கொடுக்கவாவது ஒரு தையல் தொழிலாளி தன் கூலியை இழக்காமல் இருக்கட்டும்.