கால் நிமிடம் நின்ற மூச்சு

1818. டப்ளினில் ஜான் செயின் என்ற மருத்துவர், அறுபது வயது நோயாளி ஒருவரின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். கால் நிமிடம் மூச்சே இல்லை. போய்விட்டார் என்று நினைக்கும்போது மெல்ல ஒரு மூச்சு வந்தது. அடுத்தது கொஞ்சம் பலமாக, அதற்கடுத்தது விம்மி வேகமாக. பிறகு தணிந்து, மறுபடி நின்றது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், முப்பது மூச்சு. நோயாளி இறந்தபின் அறுத்துப் பார்த்தார்கள். இதயத் தசை கொழுப்பாகியிருந்தது!

1854-ல் அதே ஊர் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸும் பலவீனமான இதயத்தையே கைகாட்டினார். காரணம் பின்னால்தான் துலங்கியது. சோர்ந்த இதயம் ரத்தத்தை மெதுவாகத் தள்ளுகிறது. கரியமில வாயு கூடியதா குறைந்ததா என்ற சேதி மூளைக்குத் தாமதமாகப் போகிறது. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியில் பிரேக் தாமதமாகப் பிடித்தால், டிரைவர் பதறி இன்னும் அழுத்துவார்; பிடிக்கும்போது வண்டி ஒரேயடியாக நின்றுவிடும். மூளையும் அப்படித்தான் மூச்சை மிதமிஞ்சி முடுக்குகிறது, பிறகு நிறுத்துகிறது. இந்தத் தடுமாற்றத்தைச் சீராக்கலாம் என்று நம்பவைத்த ஒரு கருவி வந்தது, ஆனால் வேறொரு நோய்க்காக.

1980, சிட்னி. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சுத் திணறிய ஒருவருக்குக் கழுத்தில் துளையிடுவதே அன்றைய வழி. அவர் மறுத்துவிட்டார். டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்தார். மூக்குக் கவசத்தைப் பசைபோட்டு ஒட்டினார். தொண்டை திறந்தது; நோயாளி நிம்மதியாகத் தூங்கினார். 1981-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. இன்று படுக்கையோரம் முனகும் சிபாப் மெஷின் பிறந்தது இப்படித்தான்.

இதய நோயாளிக்கும் இது பலிக்காதா? கனடாவில் 258 பேரிடம் சோதித்தார்கள். மூச்சு நிற்பது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. அடுத்து, ஒவ்வொரு மூச்சையும் அளந்து, குறைந்ததை மட்டும் ஈடுகட்டும் ஏஎஸ்வி மெஷின் வந்தது. 1,325 பேரிடம் சோதனை. மூச்சு அழகாகச் சீரானது. 2015-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே திடுக்கிட்டது.

மெஷின் போட்டவர்களிடையே இதய நோய் மரணம்தான் அதிகம்!

அதற்கு முன்பே, பீட்டா பிளாக்கர், நீர் பிரிக்கும் மாத்திரை, இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் என்று இதயத்தைத் தேற்றியபோது, பலருக்கு மூச்சும் கூடவே சீராவதை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 45 சதவீதமோ அதற்கும் குறைவோ இருந்து, மூளையின் கட்டளை தவறி மூச்சு நிற்பவர்களுக்கு ஏஎஸ்வி கூடாது என்ற எச்சரிக்கை அந்த ஆண்டே வந்தது. அவர்களுக்கு முதல் சிகிச்சை இதயத்துக்குத்தான்.